படிவத்தில் என்ன எழுதுவது? (வாகரை உறவுகள் குழு)

தம்பி, 6.12
விதானையிடம் (கிராம அலுவலர்) கொடுக்க வேண்டிய படிவத்தில் ‘இனம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் வேடர் இனம் அதில் இல்லை. தமிழர் என்று போடவா, ‘ஏனையோர்’ போட்டுப் பக்கத்தில் வேடர் என்று எழுதவா?

அக்கா, 6.15
இவ்வளவு நாளும் தமிழர் என்றுதானே போட்டோம். பேசுவதும் தமிழ்தானே.

பெரிய மாமா, 6.24
அதனால்தான் மகள் நம்மை யாருக்கும் தெரியவில்லை. வேடர் என்றதும் கொழும்பில் உள்நாட்டு வேடர் ஊரான தம்பானைதான் நினைவுக்கு வரும். 1911இல் வெளிவந்த மானிடவியலாளர் செலிக்மன் தம்பதியின் ஆய்விலேயே நம்மைப் போன்ற கிழக்குக் கரையோர வேடர் பற்றி எழுதியிருக்கிறது.

தம்பி, 6.26
சரி மாமா, எழுதினால் என்ன கிடைக்கும்?

பெரிய மாமா, 6.38
கிடைப்பது பிறகு, போனதைப் பார் மனே. உறுதிப் பத்திரம் இல்லாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று 1840இல் வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்து, தேன் எடுத்துத் திரிந்தவனிடம் ஏது உறுதி? சுதந்திரத்துக்குப் பிறகு முடிக்குரிய காணி அரச காணி ஆனது, பெயர்தான் மாறியது. 1983இல் மதுரு ஓயாக் காடு தேசியப் பூங்காவானது. தம்பானைச் சனம் தலைமுறையாய் வேட்டையாடிய காட்டுக்குள் போவதே குற்றமாகிவிட்டது.

மச்சாள் (அம்பாறை), 6.41
எங்கள் பக்கமும் அதே கதைதான் மாமா. பொல்லேபெத்த, ரம்பக்கன் ஓயாக் காட்டைச் சோளச் செய்கைக்கு வெட்டியதை எதிர்த்து, வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்.

பெரிய மாமா, 6.50
ஓம். இத்தனைக்கும் 2007இல் ஐநா பழங்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த 144 நாடுகளில் இலங்கையும் ஒன்று. காணியில் கை வைக்க முன்னர் அந்த மக்களின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது அது. ஆனால் பிரகடனம் சட்டம் அல்ல. சேர்ந்த நாட்டைக் கட்டுப்படுத்துவது, பழங்குடிகள் பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 169ஆம் சமவாயம், அதில் இலங்கை சேரவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் டோசர் நுழைகிறது.

அக்கா, 6.58
எல்லாம் சரி மாமா. பள்ளிக்கூடத்தில் ‘வேடத்தி’ என்று கூப்பிட்டதற்காக நான் இரண்டு கிழமை போகாமல் இருந்தேன். என் பிள்ளைக்கும் அது வேண்டுமா?

பெரிய மாமா, 7.05
அது எனக்குத் தெரியாதே மகள். நீ சொல்லவே இல்லையே.

தம்பி, 7.31
அம்மம்மாவிடம் கேட்டேன். “குமார தெய்வத்துக்குச் சடங்கு வைக்கும்போது நாம் ஆர் என்று தெய்வத்திட்டச் சொல்லுறம். விதானையிட்ட ஏன் மறைக்க?” என்கிறார். எழுதிவிட்டேன். நாளை ஒன்பது மணிக்குக் கொண்டு போகிறேன்.

அக்கா, 7.44
வீட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போ. என் படிவம் இன்னும் கொடுக்கவில்லை.