சொல் தேவை: மலத்தோடு வைரசு வெளிவருவதை எப்படிச் சொல்வது?

துண்டுப்பிரசுரம் மொழிபெயர்ப்பவர், திருகோணமலை நகர்:

அனைவருக்கும் வணக்கம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றோட்டம் பற்றிய பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. ரோட்டா வைரசு தொற்றிய பிள்ளையின் மலத்தில், நோய் வெளித்தெரிய இரண்டு நாளுக்கு முன்பே வைரசு வரத்தொடங்கும். நோய் தொடங்கிப் பத்து நாள் வரைக்கும் வரும். இதை ஆங்கிலத்தில் 'ஷெடிங்' என்கிறார்கள். 'வைரசு உதிர்ப்பு' என்று போட்டிருக்கிறேன். தாதிய மாணவருக்கான சொற்கோவையிலும் இதே சொல் வரவேண்டியிருப்பதால் பெயர்ச்சொல்லாக வேண்டும்.

விஞ்ஞான ஆசிரியர், உவர்மலை:

உதிர்ப்பு மிகப் பொருத்தம். நடப்பதே அதுதான். சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் சடைமுளைகளின் நுனியில் இருக்கும் கலங்களுக்குள் வைரசு பெருகுகிறது. அந்தக் கலங்கள் செத்துப் பழுத்தல் இலைபோலக் குடலுக்குள் விழுகின்றன, வைரசும் சேர்ந்து விழுகிறது. நுனிக்கலம் போனால் நீரை உறிஞ்சும் பரப்புக் குறையும், பாலிலுள்ள வெல்லமும் சரியாகச் சமிக்காது. அதனால்தான் மலம் தண்ணீராகப் போகிறது. ஒரே சொல்லில் நோயின் பொறிமுறையே அடங்கிவிடுகிறதே!

குடும்பநல உத்தியோகத்தர், மூதூர்:

சேர், அந்தச் சொல் வேண்டாம். 'மலத்தில் உதிர்ப்பு' என்று வாசிக்கிற தாய்க்கு உதிரப்போக்குத்தான் நினைவுக்கு வரும். மலத்தில் இரத்தம் என்றால் அது வயிற்றுளைவு, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அதே தாளின் மறுபக்கத்தில் எழுதியிருக்கிறோம். ஓடவேண்டிய இடத்தையும் கைகழுவினால் போதுமான இடத்தையும் ஒரே ஓசையில் எழுதலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தம்பலகாமம்:

தங்கச்சி, உதிரம் வேறு, உதிர் வேறு. வடமொழி ருதிரம் தமிழுக்கு வரும்போது, ரகரம் மொழிமுதலில் வராதென்பதால் உகரம் ஏற்று, பிறகு ரகரமும் மெலிந்து உதிரமாயிற்று. உதிர் நம் சொந்த வினை. (அதே விதிப்படி 'உரோட்டா' என்றுதான் அச்சிடவேண்டும், அதையும் கவனியுங்கள்.) ஆனாலும் மயக்கம் வருமென்றால் அதைவிடப் பழைய சொல் இருக்கிறது: இழிதல். 'தலையின் இழிந்த மயிரனையர்' என்கிறது குறள் 964. உடலிலிருந்து கழன்று விழுதல் என்ற பொருள் அதில் நேராகவே நிற்கிறது. 'நச்சுயிரி இழிவு' என்று ஆளலாம். நீரிழிவிலும் இந்த இழிவுதான் இருக்கிறது, நீர் இறங்கிப் போதல்.

குடும்பநல உத்தியோகத்தர், மூதூர்:

ஐயா, நீரிழிவை நீங்களே நினைவூட்டியது நல்லதாய்ப் போயிற்று. பிரசுரத்தில் 'நீரிழப்பு' என்று ஏழு இடத்தில் இருக்கிறது. ஓரெழுத்து, ஒரு புள்ளி தவறினால் அது சலரோகம். பிறகு, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனித் தூளில் குளுக்கோசு இருக்கிறது என்று படித்தவுடன், 'நீரிழிவுக்கு இனிப்பா?' என்ற கேள்வி வரும். அந்தக் குளுக்கோசு இல்லாவிட்டால் உப்பு குடற்சுவரைத் தாண்டாது. உப்புத் தாண்டாவிட்டால் தண்ணீரும் தாண்டாது. லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் சாதாரண உப்பு என்று அளந்து வைத்திருப்பது அதற்காகத்தான். எனவே 'உடம்பில் நீர் வற்றுதல்' என்று எழுதுங்கள். கண் குழிவிழும், வாய் உலரும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லத்தான் திரும்பும். 'வற்றுதல்' என்றால் குளம் வற்றுவதைப் பார்த்த எவருக்கும் விளங்கும்.

பௌதிகவியல் ஆசிரியர், கிண்ணியா:

எங்கள் பாடநூலில் ஒளி, இலத்திரன் எல்லாவற்றுக்கும் 'காலல்' இருக்கிறதே. 'வைரசு காலல்'?

தமிழாசிரியர், தம்பலகாமம்:

கால் என்ற வினைக்கு முதற்பொருள் கக்குதல், தம்பி. நாகம் நஞ்சு காலும். சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்தே வரும் நோய்க்கு அது ஆகாது. மாணவன் சத்தி என்றே எடுப்பான்.

சிறுபிள்ளை வைத்தியர், நகர்:

சொல்லைவிட அது செய்விக்கவேண்டிய காரியத்தைப் பாருங்கள். நூறுக்கும் குறைவான வைரசுத் துணிக்கைகள் வாய்க்குள் போனாலே இன்னொரு பிள்ளைக்குத் தொற்றும். ஒரு கிராம் மலத்திலோ கோடிகோடியாக இருக்கும். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிள்ளையின் பம்பர்ஸை மாற்றிய கையால் சின்னவனுக்குச் சோறு தீத்தினால் முடிந்தது. இந்த வைரசுக்குக் கொழுப்புறை இல்லை. அதனால் கைக்குப் பூசும் அற்ககோல் ஜெல்லை நம்பியிருக்கக்கூடாது, சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். வயிற்றோட்டம் தரும் இன்னொரு வைரசான நோரோ, மலத்தில் இரண்டு கிழமைக்கு மேலும் வரும்.

ஆகவே தாய்மாருக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம், வினையாக எழுதுங்கள்: 'வயிற்றோட்டம் நின்ற பிறகும் பிள்ளையின் மலத்தோடு நோய்க்கிருமி வந்துகொண்டே இருக்கும். இரண்டு கிழமைக்குக் கவனமாயிருங்கள்.'

இன்னொன்று, ஜீவனி பற்றி. 'ஒரு பக்கற்றைத் தண்ணீரில் கரைக்கவும்' என்று மொட்டையாக விடாதீர்கள். கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், முழுப் பக்கற். குவளையில் பாதிப் பக்கற் என்று கண்ணளவில் போட்டால் உப்புக் கூடிப் பிள்ளைக்கு ஆபத்து. கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால் ஊற்றிவிடவேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை போனபிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேலே 100 முதல் 200. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. 'நாகச் சத்து' என்ற சொல்லையும் மாற்றுங்கள், பாம்பென்று நினைப்பார்கள். 'சிங்க்' என்றே போடுங்கள்: ஆறு மாதத்துக்குக் கீழே நாளுக்கு 10 மில்லிகிராம், மேலே 20, பத்து முதல் பதினான்கு நாள்.

விஞ்ஞான ஆசிரியர், உவர்மலை:

பிரசுரத்துக்கு ஒப்புக்கொள்கிறேன். சொற்கோவைக்கு?

மொழிபெயர்ப்பவர், நகர்:

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'வெளியேற்றம்' போதும் என்கிறார்கள். உற்சாகமாகச் சொன்னவர் யாருமில்லை, எதிர்த்தவர் குறைவு. பிரசுரத்தில் வைத்தியரின் வாக்கியம் அப்படியே போகிறது. 'நீரிழப்பு' ஏழு இடத்திலும் 'நீர் வற்றுதல்' ஆகிவிட்டது. 'ரோட்டா' ரகரத்திலேயே நிற்கிறது. தாய்மார் மருந்துச் சிட்டையில் பார்ப்பது அப்படித்தான்.

தமிழாசிரியர், தம்பலகாமம்:

வெளியேற்றம் என்பது உடல் தானே முயன்று தள்ளுவது. வியர்வையும் சிறுநீரும் வெளியேற்றம். இங்கே உடல் தள்ளவில்லை, கழன்று விழுகிறது. வேறுபட்ட இரண்டு செயலுக்கு ஒரே சொல்லைக் கொடுத்தால், பரீட்சையில் அந்தப் பிள்ளைகள் எதை எழுதுவார்கள்? பிரசுரம் போகட்டும். சொற்கோவையில் 'இழிதல்' என்பதை இரண்டாவது சொல்லாகவாவது சேர்க்கும்படி கேட்கிறேன்.