மறு: மவுண்டன் ஃப்ரண்ட் சினுவாசிட்டி – தமிழில்?

> 'மலைமுகப்பு வளைவு' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா,

'வளைவு' வேண்டாம். நம் கலைச்சொல் பட்டியலில் கர்வேச்சருக்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இங்கே அளப்பது வேறு. மலையும் சமவெளியும் சேருமிடத்தில் சரிவு சட்டென்று குறையும். அந்த இடத்தை ஒட்டி, பள்ளத்தாக்கு வாய்களுக்குள் புகுந்து புறப்படும் கோட்டின் நீளத்தை, அதே முகப்பின் நேர்க்கோட்டு நீளத்தால் வகுக்கிறோம். 13 கி.மீ.யை 10 கி.மீ.யால் வகுத்தால் 1.3, அலகு இல்லை. ஆகவே 'மலையடி நெளிவு விகிதம்' என்பது என் பரிந்துரை. 'முகப்பு' என்றால் மாணவர் முகட்டை வரைந்துவிடக்கூடும். 'அடி' என்றால் கோடு எங்கே ஓட வேண்டும் என்பது தெளிவு.

பிளவுப்பெயர்ச்சி (பாறை பிளந்து, பிளவை ஒட்டி நகர்வது) மலையை உயர்த்திக்கொண்டே இருந்தால் அடிவிளிம்பு நேராக நிற்கும், மதிப்பு 1-ஐ நெருங்கும். உயர்வு ஓய்ந்தால் ஓடைகள் விளிம்பைக் குடைந்து உள்ளே போகும், கோடு நெளியும். புல் (Bull), மெக்ஃபேடன் (McFadden) என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1977-இல் கலிஃபோர்னியாவின் கார்லாக் பிளவுக்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள மலைமுகப்புகளை ஒப்பிட்டது இந்த அடிப்படையில்தான்.

---

> 'மலையடி நெளிவு விகிதம்'

ஏற்கிறேன். வரையறையில் வரைபட அளவுகோலையும் (ஸ்கேல்) சேர்த்துவிடுங்கள். 1:2,50,000 வரைபடத்தில் சிறு நெளிவுகள் மறைந்து, ஓய்ந்துபோன முகப்பும் உயிர்ப்புள்ளதாகத் தெரியும். ஒப்பிடும் முகப்புகள் அனைத்தையும் ஒரே அளவுகோலில் வரைய வேண்டும். ஓடை கொண்டுவரும் வண்டல் விசிறிபோல் படிந்து சரிவு மாற்றம் மங்கிய இடங்களில் கோடு ஆளுக்கு ஆள் மாறும். அங்கே வான்படத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. பக்கவாட்டில் மட்டும் நகரும் பிளவும் நேரான விளிம்பைத் தரலாம் என்பதால் இந்த எண் ஒன்றை வைத்து உயர்வைச் சொல்லிவிட முடியாது.

அதனால்தான் இதன் துணை அளவுக்கும் இப்போதே பெயர் வேண்டும்: 'பள்ளத்தாக்குத் தள அகல–உயர விகிதம்'. 'தள' என்பதை விட்டால் மேல்விளிம்பு அகலத்தை அளந்துவிடுவார்கள். தளம் 60 மீ. அகலம், இருபுற நீர்பிரிமேடுகள் தளத்திலிருந்து 250, 350 மீ. உயரம் என்றால், சராசரி 300, விகிதம் 0.2. ஆறு இன்னும் கீழ்நோக்கி அறுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கெட்டியான பாறையிலும் எண் இப்படிச் சிறுக்கும் என்பதால் ஒரே வகைப் பாறைக்குள்தான் ஒப்பிடலாம். மேலே போகப் போகத் தளம் குறுகுவதால், எல்லாப் பள்ளத்தாக்கிலும் மலையடியிலிருந்து ஒரே தொலைவில் குறுக்குவெட்டு எடுக்க வேண்டும்.

இன்னொரு சொல்: 'டெக்டானிக்'குக் 'கண்டத்தட்டு' பொருந்தாது, அது பிளேட். 'புவியோட்டு அசைவு' என்று போடலாமா?