பெரிய வீட்டுக் குழு: நிறம் அளக்க எந்த மீட்டர் வாங்குவது?

பெரியப்பா: கார்த்தி, இருக்கிறாயா? திருக்கடையூர் படங்களை நம் எப்சன் எல்8050 பிரிண்டரில் போட்டுப் பார்த்தேன். அத்தையின் அரக்குப் புடவை பழுப்பாக வருகிறது. எல்லார் முகமும் சிவந்து கிடக்கிறது. கடைக்காரர் ஸ்பைடர் என்று நிறம் அளக்கும் ஒரு கருவி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார். வாங்கட்டுமா?

சரசு அத்தை: அண்ணா, அது காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்த புடவை. பழுப்பு என்று சொல்லாதீர்கள்.

கார்த்தி: பெரியப்பா, பணம் கட்டிவிடாதீர்கள். ஸ்பைடரிலேயே இரண்டு வகை உண்டு. ஸ்கிரீன் மேல் தொங்கவிடுவதா, பேப்பர் மேல் வைப்பதா?

பெரியப்பா: பெட்டியில் மானிட்டர் படம்தான் இருக்கிறது.

கார்த்தி: அப்படியானால் அது கலரிமீட்டர். மானிட்டருக்கு மட்டும்தான். ஸ்கிரீன் விடுகிற ஒளியைச் சில ஃபில்டர் வழியாக அளக்கும், அவ்வளவுதான். பேப்பர் ஒளி விடாதே. தானே விளக்குப் போட்டு, பேப்பரில் பட்டுத் திரும்பும் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துப் படிக்கிற கருவி வேண்டும். அதற்குப் பெயர் ஸ்பெக்ட்ரோ. எங்கள் பிரஸ்ஸில் இருக்கிற ஐ1 ப்ரோ 380-லிருந்து 730 நானோமீட்டர் வரை படிக்கும்.

மாமா: மச்சான், சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவன் சொல்கிறான். கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: சரி, அந்த ஸ்பெக்ட்ரோவையே வாங்கிவிடுகிறேன். எது நல்லது?

கார்த்தி: வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி. ஸ்கிரீன் பிரைட்னெஸ் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? ஃபோட்டோஷாப்பில் பிரிண்ட் கொடுக்கும்போது கலர் யார் கையில்?

பெரியப்பா: பிரைட்னெஸ் முழுதாக இருக்கிறது. ஃபோட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ் என்று போட்டிருக்கிறேன். பிரிண்டர் பக்கத்தில் விவிட், அதாவது நிறத்தைத் தூக்கிக் காட்டும் செட்டிங்.

கார்த்தி: அதுதான் முகம் சிவப்பு. ஃபோட்டோஷாப் ஒருமுறை திருத்துகிறது, பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவர் அதன் மேல் இன்னொரு முறை திருத்துகிறது. டிரைவரில் நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட் வையுங்கள். மீடியா டைப், அதாவது பேப்பர் வகை, சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே படத்தை மறுபடி போட்டு, காய்ந்தபின் ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஹால் மஞ்சள் பல்பில் பார்க்க வேண்டாம்.

(மாலை)

பெரியப்பா: போட்டேன். முகம் நன்றாக வந்துவிட்டது! அரக்கு இன்னும் கொஞ்சம் பழுப்புதான். மயில்கழுத்துப் புடவை வெறும் நீலமாக இருக்கிறது.

வித்யா: அப்பா, அந்த மயில்கழுத்து என்னுடையது. கார்த்தி அண்ணா, அதற்கும் மீட்டர் வேலை செய்யுமா?

கார்த்தி: அதில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் வித்யா. நீ திரும்பினால்தான் பச்சை தெரியும். அந்த ஜாலத்தைத் தாளில் கொண்டுவர எந்தக் கருவியாலும் முடியாது. நீலம் சரியான நீலமாக வரும், அதுவே பெரிது. அத்தையின் அரக்கு வேறு கதை. அதை ப்ரொஃபைல் பிடித்துவிடும் என்று நினைக்கிறேன்.

சரசு அத்தை: ப்ரொஃபைல் என்றால் என்னப்பா?

கார்த்தி: நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களைப் பிரிண்ட் செய்து, ஒவ்வொன்றும் நிஜத்தில் என்ன நிறமாக வந்தது என்று ஸ்பெக்ட்ரோவால் படிப்போம் அத்தை. இந்த பிரிண்டர், இந்த இங்க், இந்த பேப்பர், இந்த செட்டிங் சேர்ந்தால் நிறம் எங்கே எவ்வளவு தவறுகிறது என்று ஒரு ஃபைலில் எழுதி வைப்பதுதான் ப்ரொஃபைல். பேப்பரை மாற்றினால் புதிதாக எடுக்க வேண்டும்.

பெரியப்பா: நான் பேப்பர் மாற்றுகிறவன்தான். இப்போது 180 ஜிஎஸ்எம் கனத்தில் பளபளக்கும் கிளாஸி, அப்புறம் பளபளப்பு குறைந்த ஒரு லஸ்டர். அதனால் கருவி சொந்தமாக இருப்பது நல்லதுதானே? பெயரைச் சொல்.

கார்த்தி: சொல்கிறேன். வீட்டுக்கு ஏற்றது காலிப்ரைட் கலர்செக்கர் ஸ்டுடியோ. ஸ்கிரீனையும் படிக்கும், பேப்பரையும் படிக்கும். 2008-ல் எக்ஸ்-ரைட் கம்பெனி விட்ட கலர்மங்கி ஃபோட்டோவின் வாரிசு. நடுவில் ஐ1 ஸ்டுடியோ என்று பெயர் இருந்தது. 2021-ல் காலிப்ரைட் கம்பெனி கைக்கு வந்தது. அதன் சாஃப்ட்வேர் முதலில் 50 கட்டம் அடிக்கச் சொல்லும். அது காய்ந்ததும் படித்து, எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து, அடுத்த 50 கட்டத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். வெளிநாட்டு விலையே அதிகம்.

மாமா: ஒரு புடவைக்கு இன்னொரு புடவை விலை.

கார்த்தி: ஒன்று இல்லை மாமா, சில புடவை. ஸ்பைடர் செய்கிற டேட்டாகலர் கம்பெனியின் ஸ்பைடர் பிரிண்ட் அதைவிட விலை குறைவு. ஆனால் அது பேப்பருக்கு மட்டும், ஸ்கிரீனுக்குத் தனியாக வாங்க வேண்டும். அதன் பெரிய சார்ட்டில் 729 கட்டம். அதை உட்கார்ந்து படிக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை.

பெரியப்பா: செகண்ட் ஹேண்டில் கலர்மங்கி வாங்கினால்?

கார்த்தி: மோசமில்லை. ஆர்கைல் என்ற இலவச சாஃப்ட்வேரில் நன்றாக ஓடும். ஆனால் எல்லாம் கமாண்ட் அடித்துச் செய்ய வேண்டும், விண்டோஸில் அதன் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். பழைய ஐ1 ப்ரோ யாராவது விற்றால் அதோடு வரும் வெள்ளை ஓடு இருக்கிற பலகையைக் கேட்டு வாங்குங்கள், அதை வைத்துத்தான் கருவி தன் அளவைச் சரிபார்க்கும். பலகையில் உள்ள சீரியல் எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு கருவியின் ஓடு வந்தால் அளவு எல்லாம் தப்பாகிவிடும்.

இன்னொன்று. உங்கள் கிளாஸி தாள் ரொம்ப வெள்ளையாகப் பளபளக்கிறதே, அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் நீலமாக மினுக்கும். கலர்மங்கி வகையில் உள்ளது எல்இடி விளக்கு, அதில் புற ஊதா இல்லை. அதனால் அந்த மினுக்கு அதற்குத் தெரியாது. ஐ1 ப்ரோ 2-லிருந்து புற ஊதாவைச் சேர்த்தும் விலக்கியும் அளக்கலாம். லஸ்டர் தாளில் வெளுப்பு குறைவாக இருந்தால் இந்தத் தொல்லையும் குறையும்.

பெரியப்பா: நீ சொல்வதைப் பார்த்தால் எதுவும் வாங்க வேண்டாம் என்கிறாய்.

கார்த்தி: இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன். இரண்டு பேப்பர், ஒரு பிரிண்டர். நிறக் கட்டங்கள் உள்ள சார்ட் ஃபைல் இன்றைக்கு அனுப்புகிறேன். அடோபி கலர் பிரிண்டர் யூட்டிலிட்டியில் திறந்து போடுங்கள், அதுதான் கலரைத் தொடாமல் பிரிண்ட் செய்யும். ஃபோட்டோஷாப்பில் அந்த வசதியை சிஎஸ்5 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். தாளை எனக்கு அனுப்புங்கள், பிரஸ்ஸில் ஷிஃப்ட் முடிந்தபின் படித்து ப்ரொஃபைல் தருகிறேன். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் மானிட்டருக்கு ஒரு கலரிமீட்டர் வாங்குங்கள். ஸ்கிரீன் பிரைட்னெஸை 100 கேண்டெலா (ஒளி அளவு) பக்கம் இறக்கி வைத்தாலே பிரிண்ட் இருட்டு என்று தோன்றாது.

பெரியப்பா: மூன்றாவது பேப்பர் வாங்கினால்?

கார்த்தி: அப்போது கலர்செக்கர் ஸ்டுடியோ. சண்டை போட மாட்டேன்.

வித்யா: அம்மா சொல்லச் சொன்னார்கள்: மூன்றாவது பேப்பர் இந்த வீட்டுக்குள் வராது.

பெரியப்பா: சரி சரி. நாளைக்கே சார்ட் போட்டு அனுப்புகிறேன்.

கார்த்தி: நாளைக்கு அனுப்ப வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காயட்டும், இங்க் காயக் காய நிறம் கொஞ்சம் நகரும். கட்டத்தின் மேல் விரல் படக்கூடாது. பின்பக்கம் பென்சிலில் பேப்பர் பெயர், மீடியா டைப், குவாலிட்டி மூன்றையும் எழுதுங்கள். மடிக்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைத்து கூரியரில் போடுங்கள்.

சரசு அத்தை: கார்த்தி, அந்த அட்டைக்குள் என் ஜாக்கெட் துணி ஒரு துண்டு வைக்கச் சொல்கிறேன். அதே அரக்கு. அதைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்.

கார்த்தி: வையுங்கள் அத்தை. அதையும் மீட்டரில் படித்துவிடுகிறேன்.