டேகர்ஃபாலில் 31-ஆம் தேதி எங்கே போனது?

கேள்வி: எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசைக் கணினி விளையாட்டுகளுக்கு நோட்டுப் புத்தகத்தில் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அந்த வரிசையின் டேகர்ஃபாலில் (1996) 'லாஸ்ட் சீட்' மாதம் 30 அன்று விடுதியில் படுத்தேன். விழித்தால் 'ஹார்த்ஃபயர்' 1. பின்னால் வந்த ஸ்கைரிமில் 'லாஸ்ட் சீட்' மாதத்துக்கு 31 நாள்! ஒரே உலகத்துக்கு இரண்டு நாட்காட்டியா?

பதில் 1: ஆம். டேகர்ஃபாலில் எல்லா மாதங்களுக்கும் 30 நாள்தான், ஆண்டுக்கு 360. பின்னால் வந்தவை நம் மாதக் கணக்குக்கு மாறிவிட்டன. எழுதியதைத் திருத்தாதீர்கள்.

பதில் 2: வரலாறு இதைவிடச் சிக்கல். டேகர்ஃபாலுக்குப் பல முடிவுகள், ஒன்றோடொன்று ஒட்டாதவை. எது உண்மை? காலமே முறிந்து அத்தனையும் நடந்தன என்றது பின்னால் வந்த மாரோவிண்ட் விளையாட்டு (2002). எந்த ஆட்டக்காரரின் உழைப்பையும் பொய்யாக்காத அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேட்டவர்: எனக்கும்தான். ஆனால் அந்த முறிவு அந்த உலகக் கணக்கில் மூன்றாம் யுகம் 417-இல். டேகர்ஃபால் தொடங்குவது 405-இல். 12 ஆண்டுகள், ஆண்டுக்கு ஐந்து நாள்: 60 நாள் இடிக்கிறதே! அவற்றுக்கு நோட்டில் இரண்டு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். யாராவது விளக்கினால் அங்கே எழுதிக்கொள்வேன்.