பின் டயரின் ஓரத்தில் பள்ளம் இருக்கிறது, நடுவில் தேய்ந்துவிட்டது: மாற்ற வேண்டுமா?

தோட்டத்து மகள் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். விடிவதற்கு முன்பே லயத்திலிருந்து புறப்பட்டு, செம்பனைத் தோட்டத்தின் செம்மண் பாதையைக் கடந்து பெரிய சாலைக்கு வந்து, அங்கிருந்து ஈப்போ பக்கமுள்ள தொழிற்சாலைக்கு அப்பாவின் பழைய ஹோண்டா வேவ் மோட்டாரில் சென்று வருகிறேன். சங்கிலி மாற்றப் போன இடத்தில் பின் டயரையும் மாற்றச் சொன்னார்கள். அப்பாவோ ஓரங்களில் பள்ளம் நன்றாகத் தெரிகிறது, தீபாவளி வரை தாங்கும் என்கிறார். நடுப்பகுதி தட்டையாகிவிட்டது, ஆனால் முழு மொட்டை இல்லை. மழையில் பிரேக் பிடித்தால் பின் சக்கரம் சற்று விலகுவது போல் இருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பட்டறை அண்ணன் (தாப்பா):

வணக்கம் தங்கச்சி. அப்பா சொல்வதில் பொய்யில்லை, ஓரத்தில் பள்ளம் இருக்கத்தான் செய்யும்; ஆனால் நேர்ச்சாலையில் மோட்டார் ஓடுவது டயரின் நடுப்பகுதியில் என்பதால், எங்கே மிகவும் தேய்ந்திருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் டயரை மதிப்பிட வேண்டும்.

எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரின் பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ சிறிய முக்கோணமோ இருக்கும். அங்கிருந்து நேராக மேலே வந்து பள்ளத்துக்குள் பார்த்தால், அடியில் குறுக்காக ஒரு சிறிய ரப்பர் மேடு தெரியும். மோட்டார் சைக்கிள் டயர்களில் அதன் உயரம் பொதுவாக 0.8 மில்லிமீட்டர். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், அது ஓரிடத்தில் மட்டும் நேர்ந்திருந்தாலும், டயரின் ஆயுள் முடிந்தது. ஆகவே சக்கரத்தை முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொரு மேட்டையும் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், நம் ஊர் மழைக்கு அந்த மேடு சமமாகும் வரை காத்திருக்கவே கூடாது. டயருக்கும் தாருக்கும் இடையே புகும் தண்ணீர் அந்தப் பள்ளங்களின் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆழம் குறையக் குறைய, மேடு தெரிவதற்கு முன்பே ஈரத்தில் பிடிப்பும் குறைந்துவிடுகிறது. பின் சக்கரம் விலகுவதாக நீங்கள் உணர்வதற்கு இது காரணமாக இருக்கலாம். காற்று அதிகமாக இருந்தால் நடுப்பகுதி விரைவில் தேயும், குறைவாக இருந்தால் ஓரங்கள் தேயும், அதையும் கவனியுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி (பகாவ்):

மகளே, தேய்மானத்தோடு வயதையும் பார். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டுகள் ஆன டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பள்ளம் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டுகளைத் தாண்டி ஓட்டக் கூடாது. செம்பனை மட்டையின் முள் ஏறியிருக்கிறதா என்றும் விரலால் மெல்லத் தடவிப் பார். டியூப் டயரில் முள் இறங்கினால் காற்று சட்டென்று போய்விடும்.

தோட்டத்து மகள்:

அண்ணனுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. பகல் வெளிச்சத்தில் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பின் டயரில் இரண்டு இடங்களில் மேடும் ரப்பரும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அப்பாவே தடவிப் பார்த்து ஒப்புக்கொண்டார். முன் டயரில் பள்ளம் ஆழமாக இருந்தாலும், எண் 1418, பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டுமா?

பட்டறை அண்ணன் (தாப்பா):

இரண்டையும் மாற்றுவதுதான் நல்லது. கையில் பணம் போதாவிட்டால் பின் டயரை இன்றே மாற்றிவிட்டு, முன் டயரை அடுத்த சம்பளத்தில் மாற்றுங்கள். அதற்குள் வெடிப்பு ஆழமானாலோ, உள்ளே நூலிழை தெரிந்தாலோ, பக்கச் சுவர் எங்காவது புடைத்தாலோ அதன் மேல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள்.

அளவைப் பழைய டயரில் உள்ளபடியே கேளுங்கள். வேவ் 125 என்றால் முன்னால் 70/90-17, பின்னால் 80/90-17. பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டும்படி பூட்ட வேண்டும். டியூபையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நீண்டு தளர்ந்த பழைய டியூப் புது டயருக்குள் மடிந்து கிழியக்கூடும். சங்கிலியை இழுத்துக் கட்டிய பிறகு, பின் சக்கர அச்சின் இரு முனைகளிலும் உள்ள சங்கிலி சரிசெய்யும் குறிகள் சமமாக உள்ளனவா என்று நின்று பாருங்கள்.

காற்றின் அளவு மோட்டாரில் ஒட்டியுள்ள தாளில் இருக்கும். அம்மாவைப் பின்னால் ஏற்றிச் செல்லும் நாளுக்குப் பின் சக்கரத்துக்கு அதில் தனி அளவு கொடுத்திருப்பார்கள். எண்ணெய் நிலையத்துக் கருவி கிலோபாஸ்கலில் காட்டினால் குழம்ப வேண்டாம்: 200 கிலோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 29 பி.எஸ்.ஐ. டயர் சூடாவதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழுக்கும் என்பதால், முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவுகளில் அதிகம் சாய்க்காமலும், பிரேக்கை அழுத்தமாகப் பிடிக்காமலும் ஓட்டுங்கள்.