ரேடியோ தொலைநோக்கிக் கட்டுப்பாட்டு அறை: ஷிப்ட் வேலை, குடும்பம், சில சந்தேகங்கள்

கரூர்_ஈசிஇ:

வணக்கம். பி.இ. ஈசிஇ முடித்து ஒரு டெலிகாம் கம்பெனியில் ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) பக்கம் வேலை செய்கிறேன். புனேக்கு வடக்கே கோடத் கிராமத்தில் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. என்ற ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில், தொலைநோக்கியை இயக்கும் பிரிவுக்கு நேர்காணல் வந்திருக்கிறது. 45 மீட்டர் விட்டத்தில் 30 ஆன்டெனா என்பது வரை படித்துவிட்டேன். ஷிப்டில் உட்காருபவர் மணிக்கு மணி என்ன செய்கிறார் என்பதுதான் எங்கும் கிடைக்கவில்லை. இரவு மட்டும்தான் வேலையா? செல்போன் விஷயத்தில் எவ்வளவு கெடுபிடி? மனைவி, 3 வயது மகளோடு அங்கே குடியிருக்க முடியுமா? ஊட்டி முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியிலும் இதே மாதிரி வேலைதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கன்சோல்_வாசி:

தம்பி, இரவு மட்டும் இல்லை. ரேடியோ அலைக்குச் சூரியன் உதித்தாலும் வானம் திறந்தேதான் இருக்கும். அதனால் 24 மணி நேரமும் கன்சோலில், அதாவது கட்டுப்பாட்டு மேசையில், ஆள் இருக்கும். அட்டவணை விண்மீன் நேரப்படி போகிறது. ஒரே மூலம் (ரேடியோ அலை அனுப்பும் வான்பொருள்) தினமும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உச்சத்துக்கு வரும், மாதத்துக்கு 2 மணி நேரம் நகரும். ஜனவரியில் நடுராத்திரி பார்த்த பகுதியை ஜூலையில் நடுப்பகலில் பார்ப்பீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சுற்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று என்று பல நாட்டு ஆய்வாளர்களுக்கு நேரம் ஒதுக்குகிறார்கள்.

ஷிப்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய், முந்தைய ஆள் எழுதிய லாக்கை (ஷிப்ட் குறிப்பேட்டை) முழுதாகப் படியுங்கள். எந்த ஆன்டெனா பராமரிப்பில் இருக்கிறது, எது காலையிலிருந்து தகராறு செய்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஆன்டெனாக்கள் ஒரு நடுச் சதுரத்திலும் அதிலிருந்து நீளும் மூன்று கைகளிலும் நிற்கின்றன, அவற்றின் பெயர்கள் மனப்பாடம் ஆக வேண்டும். நடுச் சதுரத்தில் 14: சி00 முதல் சி14 வரை, சி07 கிடையாது. கிழக்குக் கையில் இ02 முதல் இ06. தெற்கில் எஸ்01 முதல் எஸ்04, பிறகு எஸ்06. மேற்கில் டபிள்யூ01 முதல் டபிள்யூ06. ஒவ்வொரு கையும் சுமார் 14 கிலோமீட்டர் நீளம்.

அவதானிப்பு தொடங்கும்போது முதல் சோதனை ஃபீட், அதாவது டிஷ் குவிக்கும் அலையைப் பிடிக்கும் பகுதி. ஒவ்வொரு டிஷ்ஷின் குவியத்திலும் சுழலும் தலையில் வெவ்வேறு பேண்டுக்கான (அதிர்வெண் வரம்புக்கான) ஃபீட்கள் இருக்கின்றன. பேண்ட் மாற்றியதும் 30 தலையும் சரியான கோணத்துக்கு வந்ததா என்று பாருங்கள். ஒன்று பாதியில் நின்றாலும் அந்த ஆன்டெனா வெறும் இரைச்சலைத்தான் தரும், ஆனால் திரையில் 'ட்ராக்கிங்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அடுத்து ஒவ்வொரு ஆன்டெனாவிலிருந்தும் வரும் பவரை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதிகமாக விட்டால் பெருக்கி நேர்கோட்டை விட்டு விலகும் (உள்ளே வருவதற்கு ஏற்ற விகிதத்தில் வெளியே தராது), குறைவாக விட்டால் சிக்னலை எண்ணாக மாற்றும் டிஜிட்டைசரில் பிட் வீணாகும். பிறகு வலிமை நன்றாகத் தெரிந்த 3சி 48, 3சி 147, 3சி 286 என்ற மூலங்களில் அப்போது மேலே இருப்பதை 10, 15 நிமிடம் பார்த்து அளவு சரிபார்ப்பு. அதன் பின் இலக்கைச் சுமார் அரை மணி, பக்கத்தில் இருக்கும் கட்டச் (ஃபேஸ்) சரிபார்ப்பு மூலத்தை 5 நிமிடம் என்று மாறி மாறி ஓடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும்? ஆன்டெனாக்களின் சிக்னலை இரண்டிரண்டாக ஒப்பிடுவது கோரிலேட்டர் என்ற கருவி, 30 ஆன்டெனாவுக்கு 435 ஜோடி. ஓர் ஆன்டெனா பழுதானால் அதைச் சேர்ந்த 29 ஜோடியும் ஒன்றாகச் சரியும். அந்த வடிவம் கண்ணுக்குப் பழக்கப்பட்டால் சர்வோ ட்ரிப்பை (ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டார் அமைப்பு நின்றுவிடுவதை) அலாரம் அடிக்கும் முன்பே பிடித்துவிடலாம். ஒரு ஜோடி மட்டும் சரிந்தால் ஆன்டெனாவில் தேடாதீர்கள், கோரிலேட்டர் பக்கம் பாருங்கள்.

இரண்டு ஆன்டெனா ஒரே நேரத்தில் விழுந்தால் பழுது பார்ப்பவர்களின் ஜீப்பை எதற்கு முதலில் அனுப்புவது என்பதில்தான் நல்ல ஆபரேட்டர் தெரிவார். துல்லியமான படம் எடுப்பவருக்கு மேற்குக் கையின் நுனியில் இருக்கும் டபிள்யூ06 போவது பெரிய நஷ்டம், நடுவில் சி-யில் ஒன்று போவது அவ்வளவு வலிக்காது. பல்சர் (சீராகத் துடிக்கும் விண்மீன்) பார்ப்பவர் பெரும்பாலும் நடுச் சதுரத்தையும் கைகளின் முதல் சில ஆன்டெனாக்களையும் சேர்த்துக் கூட்டிப் பயன்படுத்துவார். அவருக்குக் கையின் நுனி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை கட்டத்தைத் திருப்பிச் சரி செய்யாவிட்டால் அயனமண்டலம் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கு) அவருடைய சிக்னலைக் கரைத்துவிடும். யார் பார்க்கிறார், எதற்குப் பார்க்கிறார் என்று தெரியாமல் இந்த முடிவை எடுக்க முடியாது. ஆகவே ஒதுக்கீட்டுக் குறிப்பை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் ஆன்டெனாக்களை உச்சியை நோக்கி நிறுத்திப் பிரேக் போட வேண்டும். ஏப்ரல், மே மாத மாலைகளில் இடிமழைக்கு முன் வரும் காற்று நிமிடங்களில் ஏறிவிடும். 'இன்னும் 5 நிமிடம் கொடுங்கள்' என்று ஆய்வாளர் கேட்பார். கொடுக்கக் கூடாது. இதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

லாக் பற்றி ஒரு வார்த்தை. 'டபிள்யூ03 கொஞ்ச நேரம் சரியில்லை' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, அசிமுத்தா (பக்கவாட்டுத் திருப்பம்) எலிவேஷனா (மேல் கீழ் திருப்பம்), திரும்பி வந்தபின் சரிபார்ப்பு மூலத்தைப் பார்த்தீர்களா என்று எழுதுங்கள். அந்தத் தரவைப் பல மாதம் கழித்து வேறொரு நாட்டில் பிரிக்கும் ஆய்வு மாணவிக்கு உங்கள் அந்த ஒரு வரிதான் கைவிளக்கு.

இரைச்சல்வேட்டை:

செல்போனுக்கு வருகிறேன். வளாகத்தில் அணைத்து வைக்க வேண்டும். சைலன்ட் மோடு போதாது, அப்போதும் போன் டவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கும். தொலைநோக்கியின் பேண்டுகள் 550 முதல் 850, 1050 முதல் 1450 மெகாஹெர்ட்ஸ் என்று போகின்றன. 900 மெகாஹெர்ட்ஸ் போன் நேரே இவற்றுக்குள் விழாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் வலுவான சிக்னல் முன்பெருக்கியைத் திணறடித்து, இல்லாத இடத்திலும் போலிச் சிக்னல்களை உண்டாக்கும். இதைத்தான் இன்டர்மாடுலேஷன் என்பார்கள், டெலிகாமில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை.

போனைவிடக் கஷ்டம் கொடுப்பவை வேறு. மலிவான எல்.இ.டி. விளக்கு, சார்ஜர், யு.பி.எஸ். எல்லாமே மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும் ஸ்விட்சிங் சப்ளை, எல்லாமே பல அதிர்வெண்களில் அகலமாக இரையும். கிராமத்து வீடுகளின் டி.வி. ஆன்டெனா பூஸ்டரில் இணைப்பு துரு ஏறித் தளர்ந்தால் அது தானே ஆசிலேட்டராக (அலை உண்டாக்கும் கருவியாக) மாறி ஒரு தொடர் அலையை வீசிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரருக்கு டி.வி. படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

மின்கம்பி தனிப் பாடம். இன்சுலேட்டர் அருகே தளர்ந்த போல்ட், பின், டை கம்பி இவற்றின் இடைவெளியில் பொறி பறக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் பொறி வருவதால் 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை துடிப்புக் கூட்டம் தெரியும். தரவில் இந்த இடைவெளி தென்பட்டால் வானத்தைச் சந்தேகிக்க வேண்டாம். மழை பெய்ததும் மறைந்தால் அது தளர்ந்த இணைப்பு, ஈரம் இடைவெளியை மூடிவிட்டது. மழையில் கூடினால் கரோனாவாக (உயர் மின்னழுத்தக் கம்பியிலிருந்து காற்றில் மின்சாரம் கசிவதாக) இருக்கலாம். தேடும் முறை: கையில் யாகி (திசை காட்டும் ஆன்டெனா), அதிர்வெண் வாரியாகச் சிக்னலைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர், இடையில் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யூவேட்டர். முதலில் குறைந்த அதிர்வெண்ணில் திசை பிடியுங்கள். நெருங்க நெருங்க அட்டென்யூவேஷனையும் அதிர்வெண்ணையும் கூட்டிக்கொண்டே போங்கள். அதிர்வெண் கூடக்கூடப் பொறி இரைச்சல் தூரத்தில் சீக்கிரம் தேய்வதால் கடைசியில் ஒரே கம்பம்தான் மிஞ்சும். கம்பத்தைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்து, லைன்மேனைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்த பிறகு திரும்பப் போய் அளக்க வேண்டும்.

இதனால்தான் மராத்தி கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு விவசாயியின் வீட்டு வாசலில் நின்று, உங்கள் பூஸ்டரை மாற்றித் தருகிறோம் என்று மரியாதையாகப் பேசத் தெரிந்த பொறியாளரால் ஒரு பேண்டே சுத்தமாகும். கிராமத்தோடு உறவு கெட்டால் எந்த ஃபில்டராலும் ஈடுகட்ட முடியாது.

வளாகத்துக்குள் கோரிலேட்டர் அறை போன்ற இடங்களுக்கு உலோகக் கவசம் உண்டு. கதவு விளிம்பின் உலோக விரல்களில் தூசியோ எண்ணெயோ படிந்தால் கசியும், ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும். 'இரண்டு நிமிடம்தானே' என்று கதவைத் திறந்து வைத்து வயர் இழுப்பவரைத் தயங்காமல் தடுங்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல வருடமாகப் புதிராக இருந்த துடிப்புகளுக்குக் காரணம், ஓடி முடிவதற்குள் மைக்ரோவேவ் அவன் கதவைத் திறந்ததுதான் என்று 2015இல் நிறுவினார்கள். அதனால் தேநீர் அறையில் என்ன பொருள் வைக்கலாம் என்பதும் இங்கே தொழில்நுட்பக் கேள்விதான்.

வடக்குவாசல்:

குடும்ப விஷயம் நான் சொல்கிறேன் தம்பி. கடைவீதி, டாக்டர், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் நாராயண்காவ்தான் ஊர். புனேயிலிருந்து நாசிக் சாலையில் சுமார் 80 கிலோமீட்டர். தக்காளிச் சந்தைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் தமாஷா கலைக்குழுக்களுக்கும் பேர்போன ஊர், ஒதுங்கிக் கிடக்கும் இடம் என்று பயப்பட வேண்டாம். குழந்தை சில மாதத்தில் மராத்தி பேசிவிடும். கஷ்டப்படப்போவது உங்கள் மனைவிதான். நீங்கள் இரவு ஷிப்டில் இருக்கும்போது அவசரத்துக்கு அழைக்கக் கட்டுப்பாட்டு அறையின் லேண்ட்லைன் எண்ணை அவரிடமும் பக்கத்து வீட்டிலும் கொடுத்து வையுங்கள். உங்கள் செல்போன் அணைந்திருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் வாய்ப்பு பெரும்பாலும் புனேயில்தான். வீடு எங்கே என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஜுன்னர் வட்டாரத்தில் கரும்புக் காட்டுக்குள் சிறுத்தை நடமாட்டம் நிஜம். பயமுறுத்தச் சொல்லவில்லை. இருட்டிய பிறகு கரும்பு ஓரமாக நடக்கக் கூடாது, குழந்தையைத் தனியாக வாசலில் விடக் கூடாது, இரவு ஷிப்ட் போக வர அலுவலக வண்டியை நம்புங்கள், பைக் வேண்டாம்.

பகல் தூக்கத்துக்குச் சாலையைப் பார்க்காத அறை, கனத்த திரை. ஷிப்ட் மாறும் முதல் நாள் மத்தியானம் கட்டாயம் ஒன்றரை மணி நேரம் படுங்கள். விடியற்காலை 3 மணிக்கு மேல்தான் தவறான ஃபைலை ஓடவிடும் ஆபத்து அதிகம். அந்த நேரத்தில் புதிய செட்டப் வந்தால் எண்களை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரைச் சரிபார்க்கச் சொல்வது நல்ல வழக்கம்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டி அங்கே பெரிய திறந்த வாசல் நடக்கும். சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களும் கிராமத்து மக்களும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். அந்த வாரம் ஊருக்குப் போக டிக்கெட் போடாதீர்கள்.

முத்தோரை_மூடுபனி:

ஊட்டியும் அதே டி.ஐ.எஃப்.ஆர். (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) குடும்பம்தான், ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் இரண்டையும் உருவாக்கினார். கருவி வேறு, அதனால் வேலையும் வேறு. ஊட்டித் தொலைநோக்கி 1970இல் கட்டி முடிந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், உருளைப் பரவளையம். 23 மீட்டருக்கு ஒன்றாக 24 சட்டங்கள். மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, அது அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, ஒரே அச்சில் சுழற்றி ஒரு மூலத்தைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்புவது முழுக்க எலக்ட்ரானிக்ஸ்.

அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ். குவியக் கோட்டில் 1056 டைபோல் (அலையைப் பிடிக்கும் சிறு ஆன்டெனா), 48 வீதம் 22 மாட்யூல், வடக்கில் 11, தெற்கில் 11. பிரதிபலிக்கும் பரப்பு 1100 துருவேறா எஃகுக் கம்பிகள், ஒவ்வொன்றும் 0.38 மில்லிமீட்டர் தடிமன். ஆக அங்கே பராமரிப்பு என்றால் கம்பியின் இழுவிசை, அறுந்ததை மாற்றுவது, மூடுபனி ஈரத்தில் இணைப்பு கறுப்பது. ஒரு மாட்யூல் பலவீனமானால் கூட்டுச் சிக்னல் மெல்லக் குறையும், சட்டென்று தெரியாது. தெரிந்த மூலத்தைப் பார்த்து மாட்யூல் வாரியாக ஒப்பிட்டால்தான் பிடிபடும். சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றை, தொலைதூர மூலங்களின் மினுமினுப்பை வைத்துப் பின்தொடரும் அவதானிப்பு அங்கே நெடுங்கால வேலை, அதற்கு நாள்தோறும் விடாமல் ஓட வேண்டும்.

வாழ்க்கை? பாலாடா பக்கம் கேரட், உருளைக்கிழங்கு வயல், பேசத் தமிழும் படுகும், மழைக்காலத்தில் காயாத துணி. ஆன்டெனாக்கள் பல கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்காமல் ஒரே சரிவில் இருப்பதால் ஆட்களும் ஒருவரை ஒருவர் தினம் பார்க்கிறார்கள். கோடத்தில் சர்வோக்காரரும் கன்சோல்காரரும் வாரக்கணக்கில் வெறும் குரலாக மட்டுமே பழகுவதுண்டு.

கரூர்_ஈசிஇ:

எல்லோருக்கும் நன்றி. டிஷ் மேல் ஏற வேண்டியிருக்குமா? நேர்காணலுக்கு எதைப் படிக்கட்டும்?

கன்சோல்_வாசி:

இயக்கும் பிரிவில் பெரும்பாலும் ஏற வேண்டாம். ஆனால் ஏறுபவரின் உயிர் உங்கள் கையில். ஆள் மேலே இருக்கும் ஆன்டெனா லோக்கல் கட்டுப்பாட்டில் (கன்சோலிலிருந்து இல்லாமல் அங்கிருந்தே இயக்கும் நிலையில்) இருக்க வேண்டும், பிரேக்கும் பூட்டும் போட்டிருக்க வேண்டும், உங்கள் திரையில் அதைப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். பெயர் சொல்லி 'கீழே வந்துவிட்டேன்' என்று அவரே பேசும் வரை திரும்பச் சேர்க்காதீர்கள். இன்னொருவர் சொன்னால் போதாது. உயரமான இரும்புக் கட்டுமானத்தில் மலைத்தேனீ கூடு கட்டும், அதையும் லாக்கில் எழுத வேண்டும்.

படிக்க: டெசிபல் கணக்கு, நாய்ஸ் டெம்பரேச்சர், சூடு குளிர் சுமை வைத்து ஒய்-ஃபாக்டர் அளப்பது, பெருக்கியின் 1 டிபி அமுக்கப் புள்ளி, இரண்டு ஆன்டெனாவுக்கு இடையே தாமதத்தை ஏன் ஈடுசெய்ய வேண்டும் என்பது. லினக்ஸ் கட்டளைகள் விரலில் இருக்கட்டும். கேள்வி கேட்க நேரம் கொடுத்தால் மூன்று கேளுங்கள்: தொடர்ந்து எத்தனை இரவு ஷிப்ட், பண்டிகை நாள் ஷிப்டுக்கு மாற்று விடுப்பு எப்படி, குடியிருப்புக்குக் காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம்.