பஸ் ரேட்டுக்கு விமானம் ஓட்டினா எப்படிங்க கட்டுப்படியாகும்?

திருப்பூர் பனியன்:
வணக்கமுங்க. முன்கூட்டியே பார்த்தா கோவை–சென்னை விமான டிக்கெட் சில நாள் ஏசி ஸ்லீப்பர் பஸ்ஸை ஒட்டி வந்து நிக்குது. இதுல லாபம் எங்கிருந்துங்க வருது? சாம்பிள் மூட்டையோட டெல்லி போறவங்க தலையில கட்டுறாங்களா?

பீளமேடு ரன்வே:
அந்த ரேட்டு எல்லா சீட்டுக்கும் இல்லீங்க. ஏர்பஸ் கம்பெனியோட ஏ320 நியோ விமானத்துல 186 சீட்டை பல விலை அடுக்காப் பிரிச்சு வெச்சிருப்பாங்க. அடியடுக்கு தீர்ந்தா அடுத்த விலை. அந்த அடுக்குல மூணு சீட்டு மட்டும் மிச்சமிருக்க, நாலு பேருக்குத் தேடினா நாலுக்குமே மேல் விலைதான் காட்டும். ஒத்தை ஆளுக்குத் தேடிப் பார்த்துட்டு, மூணும் ஒண்ணுமாப் பிரிச்சுப் போடுங்க.

உண்மையான காசு விமானம் தரையில நிக்காம இருக்கறதுலதான். இறங்கி மறுபடி கிளம்ப 25–30 நிமிஷம். ஆளுங்க இறங்கும்போதே கீழே பெட்டியும் இறங்கிட்டிருக்கும். இறங்கறதுக்கு முன்னாடி பணிப்பெண்கள் குப்பைப் பையோட வர்றாங்களே, அதுவும் இந்தக் கணக்குதான்; தரையில கூட்டிப் பெருக்கற நேரம் குறையும். தடவைக்கு 20 நிமிஷம் மிச்சம்னா ஆறு தடவைக்கு ரெண்டு மணி நேரம். சென்னைக்கு இன்னொரு நடை போயிரலாம்.

கெடுதியும் இதுலதான். காலையில மும்பையில தாமதமான விமானம் ராத்திரி கோவைக்கும் தாமதமாத்தான் வரும். அவசர வேலைன்னா காலை முதல் விமானத்தையே பிடிங்க.

ஒரே ரக விமானம்னா பைலட் பயிற்சி, உதிரிபாகம் எல்லாம் மிச்சம். ஆனா அந்த ரகத்து இன்ஜின் மக்கர் பண்ணினா மொத்தமும் படுத்துரும். 2023-ல கோ ஃபர்ஸ்ட்ங்கற விமானக் கம்பெனி திவாலானப்ப அது கைகாட்டினது இன்ஜின் கோளாறைத்தான்.

சேலம் ஏடிஆர்:
மேலே சொன்னது சரி, ஆனா விமானம் வாங்கறதுலயே ஒரு வியாபாரம் இருக்குதுங்க. இண்டிகோ 2005-லயே 100 ஏ320-க்கு ஆர்டர் போட்டுது. மொத்தமா வாங்கினா தள்ளுபடி பலமா இருக்கும். கைக்கு வந்ததும் குத்தகைக் கம்பெனிக்கு வித்துட்டு அதையே வாடகைக்கு ஓட்டுவாங்க. விலை வித்தியாசம் ரொக்கமாக் கிடைக்கும். பழசாகி பெரிய பராமரிப்புச் செலவு வர்றதுக்குள்ள திருப்பியும் கொடுத்துரலாம்.

ஏடிஆர் 72-ங்கற சின்ன, காத்தாடி வெச்ச விமானத்துல 78 சீட்டு. ஏன் 80 இல்லைன்னு பாருங்க. 80-க்குக் கீழ இருந்தா விமான நிலைய ஆணையத்தோட நிலையங்கள்ல தரையிறங்கற கட்டணம் தள்ளுபடி. 50 சீட்டுக்கு ஒரு பணியாளர் வேணும்கற விதிப்படி ரெண்டு பேர் போதும். எடை 40 டன்னுக்குக் கீழங்கறதால எரிபொருள் வரியும் குறைவு.

கார்கோ கொங்கு:
பனியன் கேட்டதுக்கு வர்றேன். மூட்டைக் காசு லாபத்துல ஒரு பங்குதான், ஆனா உங்க கையைக் கடிக்கும். உள்நாட்டுல பொதுவா 15 கிலோ உள்ளே போட, 7 கிலோ கையில. மிகுதியை ஆன்லைன்லயே வாங்கிருங்க, கவுன்டர்ல கிலோவுக்கு ரேட்டு அதிகம். சில கம்பெனியில ரெண்டாவது பெட்டிக்கு, எடை குறைவா இருந்தாலும், தனிக் கட்டணம். அதனால ஒரே பெட்டியாக் கட்டுங்க. ஒத்தைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. ரெண்டு நாள் அவகாசம் இருந்தா கார்கோ ரேட்டையும் கேட்டுப் பாருங்க.

டிக்கெட்டை ரத்து பண்ணினா, திரும்பக் கிடைக்காத ரகமா இருந்தாலும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணத்தை (விமான நிலையத்துக்குன்னு டிக்கெட்டோட சேர்த்து வாங்கறது) திருப்பித் தரணும். விதி அப்படி. மலிவு டிக்கெட்டுல அதுவே ஒரு கணிசமான தொகைங்க, கேட்காம விட்டுராதீங்க.